ரெண்டாவது பொதியத் தின்னது யாரு

எக்கா, ஏ எக்கா. நான் கூப்புடுறது ஒனக்குக் கேக்கா இல்லியான்னு தெரியல. ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நம்ம வீட்ல எல்லாரும் தவிச்சுக் கெடந்தோம். அந்த ரெண்டாவது சோத்துப் பொதிய யாருக்குக் கொண்டு போனே? கேட்டப்பல்லாம் சிரிச்சியே தவிர ஒரு நாளும் வாயத் தொறக்கல. இப்ப நானே போயி கண்டுபிடிச்சுட்டு வந்துட்டேன். அத எழுதி வைக்கணும்னு தோணிச்சு. எனக்கு எழுத்து அவ்வளவா வராது. பேசுற மாதிரிதான் எழுதத் தெரியும். தப்பு இருந்தா நீதான் திருத்துவே. நீ இல்ல. அதனால அப்படியே கெடக்கட்டும்.

வாசிக்கிறவங்களுக்கு எங்கக்காவத் தெரியாதே, அதச் சொல்லிருதேன். நாங்க திருநெல்வேலிப் பக்கம். பொழைக்க வந்தது திருவனந்தபுரம். அப்பாவுக்கு டைல்ஸ் ஒட்டுற வேல. கழக்கூட்டத்துல எந்த ஃபிளாட்டக் காட்டினாலும் "இதுல நாலாவது மாடி பாத்ரூம் நான் ஒட்டினது"ன்னு சொல்லுவாரு. அம்மா ஒரு ஹோட்டல் அடுக்களையில காய் வெட்டுறா. நான் சாலைக் கடைவீதியில ஒரு துணிக்கடையில நிக்கேன். ஊர்ல எட்டாங்கிளாஸ் வர படிச்சேன், இங்க வந்தப்புறம் மலையாளப் பாடம் மண்டையில ஏறல, நின்னுட்டேன். அக்காவுக்கு ஏறிச்சு. மெயின் ரோட்ட விட்டு உள்ள, ரப்பர் மரத்துக்கு நடுவுல, அச்சன்மார் நடத்துற ஒரு சின்ன காலேஜ். அச்சன்னா இங்க பாதிரியாரு. அங்கதான் பி.காம். படிச்சா. முடிச்சதும் கழக்கூட்டத்துல ஒரு கம்பெனியில ரிசப்ஷன் வேல. போன மழைக்கு எலிக்காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சோம். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா ஊருக்குக் கொண்டு போயிட்டோம். அதனால அவ கூடப் படிச்சவங்க ஒருத்தரும் அவ மொகத்தக் கடைசியாப் பாக்கல. இதுக்கு மேல அதப்பத்தி எழுத என்னால முடியாது.

பொதி கதைக்கு வாரேன். வாழையிலைய நெருப்புல வாட்டி, சோத்த வச்சு, கொழம்ப ஊத்தி, மடிச்சு, பேப்பர் சுத்திக் குடுக்குறதுதான் சோத்துப் பொதி. இங்க பள்ளிக்கூடம், காலேஜ், வேலைக்குப் போறவங்க எல்லாம் அதத்தான் கொண்டு போவாங்க. அக்காவுக்கு கருவாடு இல்லாம சோறு எறங்காது. அப்படிப்பட்டவ, காலேஜ் சேந்த மொத வருஷம், மாசி மாசம் பொறந்த சமயம், காலையில அடுக்களையில வந்து நின்னு சொன்னா:

"எம்மா, நாளையிலேருந்து ரெண்டு பொதி கட்டு. மீனு, கருவாடு, முட்ட ஒண்ணும் வேண்டாம்."

"ரெண்டு பொதியா? யாருக்குட்டி இன்னொண்ணு?"

"ஃப்ரெண்டுக்கு."

"ஃப்ரெண்டுன்னா ஆணா பொண்ணா?"

"ஃப்ரெண்டுன்னா ஃப்ரெண்டும்மா. கட்டித் தாரியா இல்ல நான் கட்டட்டுமா?"

அம்மா கட்டிக் குடுத்தா. பரீட்ச லீவு வர தெனமும் ரெண்டு. அக்கா வீட்லயும் மீனத் தொடல. ஞாயித்துக்கெழம அப்பா ஆசையா நெத்திலி வாங்கிட்டு வந்தாக்கூட, ரசத்த ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சிருவா. லீவு விட்ட ஒடனே ஒரு நாள் திடீர்னு உக்காந்து ஒரு சட்டி மீனயும் ஒத்தையா முடிச்சா. அடுத்த வருஷமும் அதே மாதிரி. அதுக்கடுத்த வருஷமும்.

அம்மா இத வச்சு ஒரு கணக்குப் போட்டா. அம்மாவோட கணக்கு என்னன்னா, பையன் ஐயர் பையன். கோட்டைக்குள்ள கோயில் பக்கத்துத் தெருவுல ஐயருங்க இருக்காங்கல்லா, அவங்க வீட்டுப் புள்ள. "மீன் வேண்டாம், முட்ட வேண்டாம்னா வேற யாருக்கா இருக்கும்? இவளும் அவனுக்காகப் பழகிப் பாக்கா. பழகிப் பாத்துட்டு, முடியாம லீவுல தின்னு தீக்கா." எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. அப்பா மட்டும், "ஐயர் வீட்ல இவளுக்குச் சோறு போடுவாங்களான்னு பாரு, நீ அவனுக்குப் போட்டுக்கிட்டிருக்கே"ன்னாரு. அக்காகிட்ட நேராவே கேட்டோம். அவ வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சா. "ஆமா, ஐயருதான். பூணூல்ல ஒன் பொதியத் தொங்க விட்டுக் கொண்டு போவான்." இல்லன்னும் சொல்லல பாத்தீங்களா.

அக்கா போனப்புறம் அம்மாவுக்கு அந்தப் பையன் நெனப்பாவே இருந்துச்சு. சண்ட போட இல்ல. "எம் புள்ளைய ஒருத்தன் விரும்பியிருக்கான்லா. அவன் எங்க இருக்கானோ, அவனுக்கு யாரு சொன்னாங்களோ. ஒரு வாட்டி அவனக் கண்ணுல பாத்து, ஒரு கை சோறு போடணும்"னு சொல்லிக்கிட்டே இருப்பா. வெங்காயம் வெட்டும்போது சொல்லுவா. பஸ்ஸுல போம்போது சொல்லுவா.

தை பொறந்த பெறகு ஒரு போன் வந்துச்சு. ஒரு பொண்ணு கொரல், மலையாளம். அக்காவோட காலேஜ்ல பழைய மாணவங்க கூடுறாங்க, வீட்லேருந்து ஒருத்தர் கட்டாயம் வரணும்னு சொன்னா. அந்தக் காலேஜ்ல ஒரு வழக்கம் உண்டாம். கூடுற அன்னிக்கு அவங்கவங்க பழைய கிளாஸ்ல போயி உக்காருவாங்களாம். பழைய வாத்தியார் வந்து ரோல் நம்பர் சொல்லிக் கூப்புடுவாராம். இறந்து போனவங்க நம்பரயும் விடமாட்டாராம். அவங்களுக்காக வீட்டாளுங்க யாராவது எந்திரிச்சுப் பதில் சொல்லணுமாம். "நீ வரணும் மோளே, கேட்டோ"ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு சட்டுனு போன வச்சிட்டா.

கூடுற அன்னிக்கு அம்மா ஹோட்டலுக்கு லீவு போட்டா. சோறு, புளிக்கொழம்பு, அவியல், பப்படம். மீன் வாடையே இருக்கக் கூடாதுன்னு சட்டிய ரெண்டு தடவ தேச்சா. பொதியக் கட்டி என் கையில குடுத்து, "அந்த ஐயர் பையனக் கண்டுபிடி. இதக் குடு. வீட்டுக்கு வரச் சொல்லு. கண்டுபிடிக்காம வராத, சொல்லிட்டேன்"னா.

"கல்யாணம் ஆயிருந்தா?"

"ஆனா என்ன, பசிக்காதா?"

இப்படித்தான் நான் மொத மொதலா ஒரு காலேஜுக்குள்ள காலு வச்சேன். கேட்டுக்குள்ள நொழஞ்சதும் ஒரு மாதா செல. கல்லுல குகை மாதிரி கட்டி உள்ள வச்சிருக்கு. அக்கா தெனமும் இதத் தாண்டித்தான போயிருப்பா, கும்புட்டிருப்பாளா, சும்மா போயிருப்பாளான்னு யோசிச்சேன். ஆபீஸ் வாசல்ல செருப்பக் கழத்திட்டேன். காவல்காரரு, "இது பள்ளியல்ல கொச்சே, செருப்பப் போடு"ன்னு சிரிச்சாரு. பள்ளின்னா இங்க சர்ச்சு. எல்லாத்தையும் பாக்கணும்னு இருந்துச்சு. தண்ணிக் குழாய் எங்க, கான்டீன் எங்க, எந்தப் படியில உக்காந்திருப்பா. காலேஜ்னா நான் பெருசா என்னமோ நெனச்சிருந்தேன். எங்க ஊரு கல்யாண மண்டபத்த விட ரெண்டு மடங்கு இருக்கும், அவ்வளவுதான்.

நடுப்பகல்ல மணி அடிச்சுச்சு. பேசிக்கிட்டு நின்னவங்க எல்லாம் பாதிப் பேச்சுல அப்படியே நின்னுட்டாங்க. சிலபேரு உதடு மட்டும் அசையுது, பன்னெண்டு மணிக்குச் சொல்ற செபமாம். நானும் பொதியக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். வீட்ல அக்கா சில நேரம் அந்த நேரத்துக்குப் பேசிக்கிட்டே இருக்கும்போது சட்டுனு நிப்பாட்டுவா. "என்னட்டி, பேய் புடிச்சிருச்சா"ன்னு கேப்பேன். இதுதானா அது.

கிளாஸ் மாடியில. அவ எடம் எதுன்னு கேட்டு அதுலயே உக்காந்தேன். ஜன்னலோரம். வெளிய ஒரு கெணறும், ரப்பர் மரமும், காயப் போட்ட அச்சனோட வெள்ள அங்கியும் தெரிஞ்சுது. அவ்வளவு நாளும் இதத்தான் பாத்துக்கிட்டிருந்தாளா. வயசான அச்சன் ஒருத்தர் வந்தாரு, கணக்குப் பாடம் எடுத்தவராம். நம்பரச் சொல்லிக் கூப்புட்டாரு. ஒவ்வொருத்தரும் "பிரசன்ட்"னாங்க. கைக்குழந்தைய வச்சிருந்த ஒருத்தி குழந்த கையத் தூக்கிக் காட்டினா. என்ன சொல்லணும்னு ஒருத்தரும் சொல்லித் தரல. அக்கா நம்பர் வந்துச்சு. எந்திரிச்சேன். வாயில வந்தது எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சொல்றதுதான்.

"உள்ளேன் ஐயா."

எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. அய்யோ, அசிங்கப்படுத்திட்டேனேன்னு ஆயிருச்சு. அப்பறம் பின்னாலேருந்து ஒருத்தன் மூக்க உறிஞ்சினான். அச்சன் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. விஷயம் என்னன்னா, காலேஜ் சேந்த மொத நாளு அக்காவும் அதத்தான் சொல்லியிருக்கா. கிளாஸே சிரிச்சிருக்கு. அன்னிலேருந்து அவளுக்கு அங்க பேரே "உள்ளேன்"தானாம். "உள்ளேனே, கான்டீனுக்கு வாரியா?" "உள்ளேன் இன்னிக்கு வந்தாளா?" வீட்ல இதப்பத்தி அவ மூச்சு விடல.

அப்பறம் ஒவ்வொருத்தரா வந்து கத சொன்னாங்க. "நீ உள்ளேனோட தங்கச்சியா? ஒங்கக்காதான் கரோலுக்கு கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் கட்டுவா, தெரியுமா? வயித்துல தலகாணி கட்டிக்கிட்டு ஆடினா ஆட்டம், பிரின்சிபல் அச்சனே கை தட்டினாரு." எங்க வீட்ல ஒரு மார்கழியில தலகாணி ஒண்ணு காணாமப் போச்சு. அம்மா பக்கத்து வீட்டுக்காரியச் சந்தேகப்பட்டுப் பேச்ச நிப்பாட்டினா. இன்னும் பேசல. இப்ப போயி என்ன சொல்றது.

வீட்ல பேசுற அக்கா வேற, இங்க இருந்த அக்கா வேறன்னு பட்டுச்சு. எனக்கு அது வலிக்கல. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னுதான் இருந்துச்சு. ஆனா மடியில பொதி கனக்குது. புளிக்கொழம்பு கெட்டுப் போறதுக்குள்ள ஆளப் புடிக்கணும்.

கேட்டுப் பாத்ததுல, அந்த கிளாஸ்ல ஐயர் பையன் ஒருத்தன்தான் இருந்தான். கோட்டைக்குள்ளதான் வீடு, நல்லாத் தமிழ் பேசுறான். எனக்கு அம்மா கணக்கு அப்படியே நெசமாயிட்ட மாதிரி இருந்துச்சு. நேரா போயி பொதிய நீட்டினேன்.

"எங்கம்மா ஒங்களுக்குக் குடுத்துவிட்டாங்க. ஒங்கள வீட்டுக்கும் வரச் சொன்னாங்க."

"எனக்கா? எதுக்கு?"

"அக்கா தெனமும் ஒங்களுக்குத்தான சோறு கொண்டு வந்தா."

பக்கத்துல பட்டுச் சேல கட்டி ஒரு பொண்ணு நின்னுச்சு. அவன் பொஞ்சாதின்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கல்யாணம் ஆகி ஒரு மாசம் கூட ஆகலையாம்.

"யாரு, என்ன சோறு?" அப்படின்னு அந்தப் பொண்ணு கேட்டுது. கேட்ட தினுசுல அவன் வெளுத்துட்டான்.

"ஐயோ, அபாண்டம்! ஏம்மா, நன்னா விசாரிச்சுட்டு வரப்படாதா? சத்தியமா நேக்கு ஒரு வாய் தந்தவ இல்ல அவ. நானே கேட்டிருக்கேன். 'ஒனக்கில்ல, போடா'ன்னு வெரட்டுவள்."

"அப்ப நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

அவன் பொஞ்சாதியப் பாத்தான், என்னப் பாத்தான், கொரல எறக்கினான். "கான்டீன்ல முட்ட பப்ஸ்."

"முட்டையா?" அப்படின்னு அந்தப் பொண்ணு. ஒரு பிரச்சன தீந்து அடுத்தது ஆரம்பிச்சிருச்சு. அவன் வாசலப் பாத்து கையக் காட்டிட்டு, "அதோ, இப்பதான் வரா. அவளக் கேளு. ரெண்டு பேரும் ஒரே எலையில தலைய விட்டுண்டு இருப்பா"ன்னான்.

வாசல்ல ஒருத்தி மூச்சு வாங்க நின்னா. கழுத்துல துறைமுகத்து ஐடி கார்டு தொங்குது. ஷிப்ட் முடிஞ்சு விழிஞ்ஞத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா. என்னப் பாத்ததும் "வந்தியா மோளே"ன்னா. போன்ல கேட்ட அதே கொரல். என் கையில இருந்த பொதியப் பாத்தா. அத மோந்து பாத்தா. அப்படியே கெணத்துக் கட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சா.

அவ விழிஞ்ஞத்துக்காரி. அப்பா கடலுக்குப் போறவரு, அம்மா தலச்சொமையா மீன் விக்குறவ. வேதக்காரங்க. ஈஸ்டருக்கு முன்ன அவங்களுக்கு நோம்பு, தவக்காலம்னு நம்ம பக்கத்துல சொல்லுவாங்கல்லா, அது. "எங்க கரையில நோம்புக்கு எல்லாரும் மீன விடமாட்டாங்க, எறச்சிய மட்டுந்தான் விடுவாங்க. நான் மீனயும் விட்டேன். எங்க வீட்ல மீன விட்டா வேற என்ன இருக்கு? அம்மைக்குக் காய்க்கறி வைக்க நேரமும் இல்ல. வெறுஞ்சோறும் உப்பும் மொளகாயும்தான் கொண்டு வருவேன். ஒங்கக்கா ஒரு நாள் பாத்தா. மறுநாள் ரெண்டு பொதி. எந்தாடி இதுன்னு கேட்டா, 'தின்னு மூதி'ன்னா."

"அப்ப அக்கா ஏன் மீன விட்டா?"

"நானும் அதக் கேட்டேன். 'நீ நோம்பு கெடக்கும்போது ஒன் முன்னால கருவாட்டக் கடிச்சா அது நாய்ப் பொழப்பு'ன்னா. மொத வருஷம் எனக்குத் தொணையாத்தான் தொடங்கினா. அடுத்த வருஷம் அவளே தொடங்கிட்டா. நான்தான் வீட்ல சொல்லாதேன்னேன். நோம்ப ஊருக்குச் சொல்லிப் புடிக்கக் கூடாது. அதுக்கு அவ, 'சொல்லல, ஆனா எங்கம்மா ஒன்ன ஐயராக்கி வச்சிருக்கா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

உண்மையச் சொல்றேன், எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. ஒரு பையன் இருந்திருக்கலாம்னு இருந்துச்சு. அத அவகிட்டயே கேட்டுட்டேன். "ஒரு பையன் கூடவா இல்ல?"

"பின்னால நடந்தவங்க உண்டு. சோறு குடுக்குற அளவுக்கு எவனும் இல்ல."

பொதியப் பிரிச்சா. எனக்கும் ஒரு ஓரத்துல தள்ளினா. மொத வாயத் தின்னதும் அவ அழுவான்னு நெனச்சேன். அவ மொகத்தச் சுளிச்சு, "ஒங்கம்மைக்கு உப்புப் போட இன்னும் தெரியல, கேட்டோ"ன்னா. அப்பறம்தான் அழுதா. அழுதுகிட்டே முழுசும் தின்னா. எலைய வழிச்சுத் தின்னா.

கை கழுவும்போது இன்னொண்ணு சொன்னா. நோம்பு புடிக்கிறவங்க மனசுல ஒரே ஒரு காரியத்த வேண்டிக்கிட்டுத்தான் புடிப்பாங்களாம். 'நியோகம்'னு அதுக்குப் பேராம். இன்னதுக்காகன்னு மனசுல வச்சுக்கிறது. யார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல.

"அக்காவுக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. மூணு வருஷமும் ஒண்ணேதான்னு சொன்னா. என்னன்னு கேட்டேன். 'நீ ஒன்னோடத மொதல்ல சொல்லு'ன்னா. நான் சொல்லல. அவளும் சொல்லல." வாளியக் கெணத்துக் கட்டுல வச்சா. "நான் சொல்லியிருக்கணும் மோளே. சொல்லியிருந்தா இப்ப நமக்குத் தெரிஞ்சிருக்கும்."

கெளம்பும்போது அந்த வயசான அச்சன் என்னக் கூப்புட்டாரு. இறந்து போன மாணவங்களுக்காக காலேஜுக்குள்ள இருக்குற சின்ன சர்ச்சுல வேண்டும்போது அக்காவயும் சேத்துக்கலாமா, ஒங்க வீட்ல ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களேன்னு கேட்டாரு. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசல்லயே நிக்கா.

"கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"ஐயரா?"

"இல்லம்மா. விழிஞ்ஞத்து மீன்காரி மக."

அம்மாவுக்கு வெளங்க நேரம் ஆச்சு. நான் முழுக்கச் சொன்னேன். அம்மா நெத்தியில அடிச்சா. "அடிப்பாவி! மீன்காரி வீட்டுப் புள்ளைக்கா நான் சட்டியத் தேச்சுத் தேச்சு மீன் வாட இல்லாம ஆக்கிப் போட்டேன்!" சொல்லிட்டுச் சிரிச்சா. அக்கா போனதுக்கு அப்பறம் அம்மா சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான். அப்பா உள்ளேருந்து எட்டிப் பாத்தாரு, என்னமோ ஏதோன்னு. உப்பு கம்மின்னு சொன்னதையும் சொன்னேன். "அவளும் அதத்தான சொல்லுவா"ன்னு அம்மா தரையில உக்காந்துட்டா.

அச்சன் கேட்டதச் சொன்னேன். "நம்ம சாமிக்குக் கோவம் வராதா?"ன்னு அம்மா அப்பாவப் பாத்தா. அப்பா, "அவ மூணு வருஷம் அங்க நோம்பு புடிச்சிருக்கா. அப்ப வராத கோவமா இப்ப வரப்போகுது?"ன்னாரு. அதோட முடிஞ்சுது.

முடியாதது ஒண்ணுதான். அவ என்ன வேண்டிக்கிட்டா? அப்பா, சொந்த வீடா இருக்கும்ங்காரு. அம்மா, எனக்கு மாப்ளையா இருக்கும்ங்கா. நான் ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணு தோணுது, அத எழுதமாட்டேன். தப்பா இருந்தா அவ சிரிப்பா.

இப்ப நோம்பு நடக்கு. எங்க வீட்ல மீன் இல்ல. அம்மா சொல்லாமலே நிப்பாட்டிட்டா, அப்பா சொல்லிச் சொல்லிப் பொலம்புறாரு. ஞாயித்துக்கெழம விழிஞ்ஞத்துக்காரி வாரா. பொதி கட்ட வேண்டாம், தட்டுல போடுன்னாலும் அம்மா எலையில கட்டித்தான் குடுக்கா. அவ பிரிச்சுத் தின்னுட்டு, உப்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போறா. நாங்க எல்லாரும் அக்கா கேட்டதையே கேட்டு நோம்பு கெடக்கோம். என்னன்னு தெரியாமத்தான்.

அதனால இத வாசிக்கிற ஒங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கேன். எந்தச் சாமியக் கும்புடுறவங்களா இருந்தாலும் சரி. கோயில்லயோ பள்ளிவாசல்லயோ சர்ச்சுலயோ, இல்ல பஸ்ஸுல நிக்கும்போதோ, எங்கக்காவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க. பேரு தெரிய வேண்டாம், உள்ளேன்னு சொன்னாப் போதும். அவ மூணு வருஷம் மீன விட்டுக் கேட்டது எதுவோ, அது அவளுக்குக் கெடைக்கட்டும்னு கேளுங்க.